சைரன் அக்காவின் பிள்ளைக்கூடம்

தையல் ஆலையில் அவளுக்குச் சைரன் என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் வைத்தவருக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது. வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும் அந்த ஹாலில் பக்கத்தில் இருப்பவள் தும்மினால்கூடக் கேட்காது. அந்த இரைச்சலுக்கு மேலே ஏறி நின்றுகொண்டு, கடைசி மெஷினில் இருப்பவளைப் பார்த்து, "காலர் கோணலா போகுது, பிரிச்சுத் தை" என்று இவள் சொன்னால், வாசலில் நிற்கும் காவல்காரரும் ஒரு தடவை தன் காலரைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

அந்த ஆலையை முதலாளி வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மெஷின்கள் லாரியில் ஏறின. ஆட்கள் ஏறவில்லை.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்த அவளுக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்து பழக்கமில்லை. முதல் வாரம் பரணைச் சுத்தம் செய்தாள். அடுத்த வாரம், சுத்தமாக இருந்த பரணை மறுபடியும் சுத்தம் செய்தாள். அதற்கும் அடுத்த வாரம் கணவரைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். நகத்தை வெட்டுங்க, காதோர முடியை எடுங்க, அந்தச் சட்டையை இனிமே போடாதீங்க. அவர் குடிநீர் நிலையத்தில் ராத்திரி முழுக்கப் பம்பு பார்ப்பவர். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்வரை கட்டை மாதிரி தூங்குவார். வேலையில் பம்பு இரைச்சல், வீட்டில் மனைவியின் குரல் என்று கேட்டுக் கேட்டு அவர் காதுக்குத் தனியாக ஒரு தோல் வளர்ந்துவிட்டிருந்தது.

"உனக்கு ஏதாவது வேலை பார்த்தே ஆகணும்மா," என்றார் அவர். "இல்லேன்னா நான் பகல்லயும் ஓவர்டைம் பார்க்கணும்."

வேலை தானாகவே இரண்டு மாடி ஏறி வந்தது. ஆலையில் அவள் வரிசையில் காஜா போட்டுக்கொண்டிருந்த பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு கதவைத் தட்டினாள். அவளுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் கிடைக்கவில்லை.

"அக்கா, ஒரு வாரம் மட்டும். அதுக்குள்ள வேற வழி பண்ணிடறேன்."

"எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதுடி."

"உங்க பொண்ணு வளரலையா?"

"அவ பாட்டுக்கு வளந்தா. நான் மெஷின் ஹால்ல இருந்தேன்."

காஜாக்காரி அதற்குள் பால் புட்டியையும் துணிகளையும் மேஜைமேல் அடுக்கிவிட்டாள். குழந்தையை இவள் கையில் திணித்தாள். வாசல்வரை போய், திரும்பி வந்து, அதன் உச்சந்தலையை ஒரு தடவை முகர்ந்துவிட்டு ஓடிவிட்டாள்.

பையன் ஆலை முதலாளியை உரித்து வைத்திருந்தான். அதே வழுக்கை, அதே தொந்தி. விரலை நீட்டினால் நீட்டிய பொருள் கைக்கு வந்தாக வேண்டும், தாமதமானால் முகம் சிவந்துவிடும். முதல் நாளே அவனுக்கு முதலாளி என்று பெயர் விழுந்துவிட்டது. ஆனால் ஒரு விஷயத்தில் அவன் தங்கம். இவள் குரலை எவ்வளவு உயர்த்தினாலும் அவன் பயப்படவில்லை. மாடியிலிருந்து காய்கறி வண்டிக்காரரை அவள் கூப்பிட்டபோது தெருவே திரும்பிப் பார்த்தது, முதலாளி மட்டும் கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனான். சாயங்காலம் அதைச் சொன்னபோது காஜாக்காரி சிரித்தாள்.

"வயித்துல இருக்கும்போதே உங்க குரலைக் கேட்டுட்டுத்தானே அக்கா இருந்தான். அவனுக்கு அதுதான் தாலாட்டு."

ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. பிள்ளை வளர்ப்பது தனக்குக் கைவந்த கலை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டியதும் சும்மா இருப்பாளா? கீழே சலவைக் கடைக்காரரிடம் சொன்னாள். அவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் தெருவுக்கு மைக் வைத்துச் சொன்ன மாதிரி. அடுத்த திங்கட்கிழமை கூடத்தில் இருந்த மேஜை படுக்கையறைக்குப் போயிற்று, தரையில் மெத்தைப் பாய் விரிந்தது, அடுப்பறை வாசலுக்கு ஒரு குட்டித் தட்டி வந்தது. முதலாளியோடு இன்னும் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள்.

தெருமுனைப் பல் டாக்டரம்மாவின் மகளுக்கு இரண்டரை வயது. எதைச் சொன்னாலும் "மாட்டேன்" என்பாள், பிறகு அதற்குக் காரணமும் சொல்வாள். அவள் வக்கீல். பேக்கரிக்காரரின் இரட்டைப் பையன்கள் அப்போதுதான் நடக்கப் பழகியவர்கள். ஒருவன் ஓடிப் போய் எதன்மேலாவது மோதுவான், மற்றவன் அந்தச் சத்தத்துக்கு முன்னாலேயே காணாமல் போயிருப்பான். அவர்கள் இடியும் மின்னலும். கடைசியாக வந்தவள் பஸ் டிரைவரின் மகள். அவள் அம்மா நர்ஸ் படிப்புக்காக வெளியூர் போயிருந்தாள், வாரக் கடைசியில்தான் வருவாள். இந்தக் குழந்தை பேசவும் இல்லை, அழவும் இல்லை. முதுகில் மாட்டிய குட்டிப் பையைக் கழற்ற விடாமல், வாசல் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி, அப்பா போன திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு மௌனசாமி என்று சைரன் பெயர் வைத்தாள், வைத்த பிறகு மனசுக்கு என்னவோபோல் இருந்தது.

சைரனைப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடுவது என்பதில் பெரியவர்களுக்குள் ஒரு சின்னப் பேச்சு நடந்தது. பேக்கரிக்காரர் "ஆயா" என்று தொடங்கியதும் இவள் பார்த்த பார்வையில் அந்த வார்த்தை பாதியிலேயே கருகிவிட்டது. டாக்டரம்மா "அத்தை" என்றாள். காஜாக்காரி "பெரியம்மா" என்றாள். பிள்ளைகள் யாரையும் கேட்கவில்லை. வக்கீல் "பெம்மா" என்றாள், அதுவே நிலைத்துவிட்டது.

முதல் நாள் ஆலை மாதிரியே தொடங்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும், ஒரே நேரத்தில் தூங்க வேண்டும், ஒரே நேரத்தில் எழுந்திருக்க வேண்டும். குழைத்த சோற்றைத் தட்டுகளில் வைத்து வரிசையாக அடுக்கினாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஹாலில் சொல்கிற அதே தொனியில் சொன்னாள்:

"எல்லாரும் வந்து அவங்கவங்க தட்டு முன்னாடி உட்காருங்க."

ஒரு நொடி அசைவே இல்லை. பிறகு இடியின் கீழ் உதடு பிதுங்கியது. இடி அழுதான் என்பதால் மின்னல் அழுதான். இரண்டு பேர் அழும்போது தான் மட்டும் சும்மா இருப்பது நியாயமில்லை என்று வக்கீல் சேர்ந்துகொண்டாள். மௌனசாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டாள். முதலாளி மட்டும் இந்த ஆரவாரத்துக்கு நடுவே தலையை ஒரு பக்கம் சாய்த்து, சோற்றில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டான்.

அவர்களைச் சமாதானப்படுத்த அவள் இன்னும் உரக்கப் பேசினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். சாயங்காலத்துக்குள் அவள் புடவையில் சோறு, பால், வாழைப்பழம், பெயர் சொல்ல முடியாத இன்னும் சில எல்லாம் ஒட்டியிருந்தன. கடைசிப் பிள்ளையும் போன பிறகு சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். கணவர் எழுந்து, சோம்பல் முறித்தபடி கூடத்துக்கு வந்தார்.

"என்னம்மா, இன்னிக்கு யாரும் வரலையா?"

அவள் கையில் இருந்த ஈரத்துணியை அவர்மேல் எறிந்தாள்.

அந்த வாரம் மகள் போனில் கூப்பிட்டாள். அவள் வேறு ஊரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள், விடுமுறைக்குத்தான் வருவாள். அம்மா சொன்ன கதைகளை எல்லாம் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "என்னை வளர்க்கறப்போ உனக்கு இவ்வளவு நேரம் கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்ல," என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரிப்பின் வாலில்தான் சொன்னாள். இவளும் கூடவே சிரித்தாள். போனை வைத்த பிறகு, ஏற்கெனவே துடைத்த தட்டையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாட்கள் ஒரு மாதிரி ஓடின. அழுகை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இவள் வாயைத் திறந்தால் பிள்ளைகள் ஒரு தடவை தோளைக் குறுக்கிக்கொள்வதை அவளே பார்த்தாள். மௌனசாமி பையைக் கழற்றவில்லை. அவள் தண்ணீர் பாட்டிலை யாராவது தொட்டால் போதும், மடியில் இறுக்கிக்கொள்வாள்.

அப்படி இருக்கும்போதுதான் பால்கனி விவகாரம் நடந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகளின் துணிகளை அலசி, காயப்போடப் பால்கனிக்கு வந்தாள். பால்கனிக்கும் கூடத்துக்கும் நடுவே இழுத்து மூடுகிற கண்ணாடிக் கதவு. அதில் இடுப்புயரத்துக்கும் கீழே ஒரு கொண்டி. பின்னாலேயே வந்த வக்கீலிடம், "வெளியே வரக்கூடாது. கதவைச் சாத்திட்டு உள்ளேயே நில்லு," என்றாள்.

வக்கீல் வாழ்க்கையில் முதல் தடவையாக மறுபேச்சில்லாமல் சொன்னதைச் செய்தாள். கதவைச் சாத்தினாள். சாத்தியது போதாது என்று கொண்டியையும் தட்டிவிட்டாள். டக்.

"கண்ணு, அதை மேலே தூக்கு."

"மாட்டேன். பெம்மா சாத்தச் சொல்லுச்சு."

"இப்போ பெம்மா திறக்கச் சொல்றேன்."

வக்கீல் கொஞ்சம் யோசித்தாள். "வெளியே வரக்கூடாது," என்று நினைவூட்டிவிட்டு, விளையாடப் போய்விட்டாள்.

செல்போன் உள்ளே மேஜைமேல். கணவர் உள்ளே கட்டில்மேல். அவளிடம் இருந்தது தொண்டை ஒன்றுதான். மூச்சை இழுத்து, ஆலையின் கடைசி மெஷினையும் தாண்டிப் போகிற மாதிரி, "என்னங்க" என்று விட்டாள்.

கீழே சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைமேலேயே வைத்துவிட்டு வெளியே ஓடி வந்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சைக்கிளில் போனவர் இறங்கி நின்றார்.

"எங்கே தீப்பிடிச்சிருக்கு?" என்றார் சலவைக் கடைக்காரர்.

"தீயெல்லாம் இல்லை. கதவு மாட்டிக்கிச்சு. மேலே வந்து பெல் அடிங்க, அவரை எழுப்புங்க."

சலவைக் கடைக்காரர் படியேறிப் போய் பெல்லை அடித்தார், கதவைத் தட்டினார், ஒரு கட்டத்தில் பாடவும் செய்தார் என்று பிறகு சொன்னார்கள். படுக்கையறையிலிருந்து குறட்டை மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. கீழே கூட்டம் சேர்ந்தது. ஏணி கொண்டு வரலாம் என்றார் ஒருவர். ஏணி அவ்வளவு உயரம் எட்டாது என்றார் இன்னொருவர். எட்டுமா எட்டாதா என்று அவர்களுக்குள் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. இவள் மேலும் மேலும் கத்தினாள். தொண்டை நாராகக் கிழிகிற மாதிரி இருந்தது.

திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவள் கத்தக் கத்த உள்ளே இடியும் மின்னலும் முகம் நீலம் பாரிக்க அழுதுகொண்டிருந்தார்கள். மௌனசாமி காதைப் பொத்திக்கொண்டு கண்ணையும் இறுக்க மூடியிருந்தாள். முதலாளி தவழ்ந்து செருப்பு அலமாரியை அடைந்து, அவள் கணவரின் செருப்பு வாரை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். அழுதபடியே மின்னல் ஒரு நாற்காலியில் ஏறத் தொடங்கினான்.

இன்னும் ஒரு தடவை கத்தினால் அவன் திடுக்கிட்டுக் கீழே விழுவான் என்று அவளுக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள். கீழே இருந்தவர்களைப் பார்த்து, பேசாமல் இருங்கள் என்று கையைக் காட்டினாள். பிறகு ஈரத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினாள். மூக்கு நசுங்கிப் பரந்து உருளைக்கிழங்கு மாதிரி ஆயிற்று.

மின்னல் பார்த்தான். ஒரு கால் நாற்காலியில், ஒரு கால் தரையில்.

அவள் கண்ணாடியில் ஊதினாள். புகைபோல் படிந்த இடத்தில் விரலால் ஒரு வட்டம் போட்டாள், இரண்டு கண் வைத்தாள். அது அழிந்ததும் இன்னொன்று. மின்னல் இறங்கி வந்தான். இடி வந்து கண்ணாடியில் மோதி, அழ மறந்துபோய், தன் மூக்கையும் அழுத்தினான். வக்கீல் வந்து அந்த வட்டத்தை உள்ளிருந்து நக்கிப் பார்த்தாள். முதலாளி செருப்பைக் கையோடு இழுத்துக்கொண்டே தவழ்ந்து வந்து சேர்ந்தான். மௌனசாமி இருந்த இடத்தைவிட்டு எழவில்லை, ஆனால் கண்ணைத் திறந்திருந்தாள். காதிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

அழுகை இல்லை, கூச்சல் இல்லை. அந்த வீட்டில் அப்படி ஓர் அமைதி விழுந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும்.

படுக்கையறைக் கதவு படீரென்று திறந்தது. கணவர் தோளில் போர்வையோடு ஓடி வந்தார்.

"பம்பு நின்னுபோச்சா?" என்றார், பாதித் தூக்கத்தில்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரிசையாக நான்கு பிள்ளைகள், அந்தப் பக்கம் சப்பை மூக்கோடு தன் மனைவி. அவர் தலையைச் சொறிந்தார். "இது என்னம்மா புது விளையாட்டு?"

அவள் கொண்டியைக் காட்டினாள். அவர் திறந்தார். திட்டுவதற்கு நிறைய சேர்த்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது 'க்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

தெருவே பார்த்த விஷயத்தை மறைக்க முடியாது. பார்த்திருக்காவிட்டாலும் மறைக்கிற ஆள் இல்லை அவள். சாயங்காலம் ஒவ்வொருவராகப் பிள்ளையை அழைக்க வந்தபோது, கரகரத்த தொண்டையோடு நடந்ததை நடந்தபடி சொன்னாள். பக்கத்தில் நின்று கணவர், கொண்டியைக் கழற்றிக் கதவின் உச்சியில் பொருத்திக்கொண்டிருந்தார்.

பேக்கரிக்காரர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க கடையில இவனுங்க மாவு மூட்டைக்குள்ளயே போயிட்டானுங்க," என்றார். டாக்டரம்மா தன் மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

"போன வாரம் என்னை பாத்ரூம்ல வச்சுத் தாழ்ப்பாள் போட்டா. நான் யார்கிட்டயும் சொல்லலை," என்றாள்.

பஸ் டிரைவர் சிரிக்கவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேங்க," என்று மட்டும் சொன்னார். அவர் படியிறங்கும் சத்தம் கடைசிப் படிவரை அவளுக்குக் கேட்டது.

மறுநாள் காலை அவளுக்குக் குரல் சுத்தமாக இல்லை. ஒரு நாள் விடுமுறை விடலாம் என்று நினைத்தாள், ஆனால் போனில் கூப்பிட்டுச் சொல்ல வாய் வேண்டுமே. அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பஸ் டிரைவர் மட்டும் வரவில்லை. வரமாட்டார் என்று முடிவு செய்து, மௌனசாமி உட்காரும் இடத்தை அவள் பார்க்காமலே இருந்தாள். எல்லாருக்கும் பால் கொடுத்து முடித்த பிறகு கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"காலையில வேற ரெண்டு இடம் போய்ப் பார்த்தேன்," என்றார் பஸ் டிரைவர், மகளின் செருப்பைக் கழற்றிக்கொண்டே. "இங்க இதுவரைக்கும் ஒண்ணுமே நடந்ததில்லைன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. இத்தனை சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஒண்ணுமே நடக்காதா? எனக்கு நம்பிக்கை வரலை. நீங்களா சொன்னீங்க பாருங்க, அது போதும்."

அவளுக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லக் குரல் இல்லாததால் தலையை மட்டும் ஆட்டினாள். அதுவே நல்லதாய்ப் போயிற்று, குரல் இருந்திருந்தால் அழுதிருப்பாள்.

அன்று முழுக்க வீட்டில் கிசுகிசுப்புத்தான். சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் தட்டில் விரலால் தட்டினாள். தூங்க வைக்க வேண்டுமென்றால் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய்ப் படுத்து, காதோரம் மூச்சுக்காற்றில் பேசினாள். ஏதோ ரகசியம் சொல்கிறாள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள் போலும். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு அவள் மடிக்கு வந்தார்கள். வக்கீல்கூட ரகசியக் குரலில்தான் "மாட்டேன்" என்றாள், அப்படிச் சொன்ன பிறகு தனக்கே சிரிப்பு வந்து சோற்றை வாங்கிக்கொண்டாள். முதலாளி ஒருவன்தான் தூங்க மறுத்தான். அவனுக்குத் தாலாட்டு கேட்கவில்லை.

மத்தியானம் அவள் இருமினாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வர இருமி முடித்தபோது பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. கதவோரத்திலிருந்து எழுந்து வந்திருந்தாள் மௌனசாமி. இவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இவள் காதுக்குள் வாயை வைத்து, வெதுவெதுப்பாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"வலிக்குதா?"

இவள் ஆமாம் என்று தலையசைத்தாள். பெண் தன் பாட்டிலை நீட்டினாள். மூடியைத் திறக்கத் தெரியாமல் இவள் தடுமாறியபோது, தானே திறந்தும் கொடுத்தாள். இவள் ஒரு மடக்குக் குடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, முதுகுப் பையைக் கழற்றி இவள் மடியில் வைத்தாள். விளையாடப் போகிறவர்கள் தெரிந்தவர்களிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி. இடி அடுக்கிக்கொண்டிருந்த டப்பாக் கோபுரத்தை ஒரே தள்ளில் சாய்த்தாள். இடி வாயைப் பிளந்து பார்த்தான், பிறகு இருவரும் சேர்ந்து அடுக்கத் தொடங்கினார்கள்.

சாயங்காலம் பஸ் டிரைவர் வந்தபோது மகள் ஓடி வரவில்லை. "இருப்பா," என்று கையைக் காட்டினாள். அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சில நாளில் குரல் திரும்பி வந்தது, கொஞ்சம் கரகரப்போடு. ஆனால் வீட்டுக்குள் அவள் அதைப் பழையபடி எடுக்கவில்லை. மூன்றடி தூரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் என்று பழகிக்கொண்டாள். எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்க வேண்டும் என்கிற சட்டமும் போயிற்று. மின்னலுக்கு நாற்காலிக்கு அடியில் சாப்பாடு, வக்கீலுக்கு ஜன்னலோரம், பசித்தவருக்கு முதலில். முதலாளியைத் தூங்க வைக்க மட்டும் அவனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய், காய்கறி வண்டிக்காரரிடம் ஒரு ரவுண்டு பேரம் பேசிவிட்டு வருவாள்.

"உடம்புக்கு ஏதும் முடியலையா? வீட்டுல சத்தத்தையே காணோமே," என்று சலவைக் கடைக்காரர் கவலையாக விசாரித்தார். கணவர் பாடுதான் திண்டாட்டம். இந்த அமைதியில் அவருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. புரண்டு புரண்டு பார்த்துவிட்டு, பழைய சாமான் கடையில் தேடி, இறக்கை தட்டுகிற ஒரு மேஜை விசிறியை வாங்கி வந்தார். கடகடவென்று அது ஓட ஆரம்பித்த பிறகுதான் மனுஷனுக்குக் கண் சொருகியது.

விடுமுறைக்கு மகள் வந்தாள். பையை வைக்க இடம் தேடினாள். அவள் அறையில் பொம்மைகளும் மடித்த பாய்களும் இருந்தன. "என் ரூமை யாருக்கோ வாடகைக்கு விட்டுட்டீங்க போல," என்றாள். இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். மூன்றாம் நாள் தரைக்கு வந்துவிட்டாள், ஏனென்றால் இடியும் மின்னலும் அவள் முதுகை மலை என்று முடிவு செய்து ஏற ஆரம்பித்திருந்தார்கள்.

அம்மா நடுவில் உட்கார்ந்து சோறு பிசைந்து, சுற்றி உட்கார்ந்த வாய்களுக்கு ஒவ்வொரு உருண்டையாகக் கொடுப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நீ இப்படி ஊட்டியிருக்கியாம்மா?"

இவள் உருண்டையைக் கையிலேயே உருட்டினாள். "ஞாயித்துக்கிழமை ஊட்டியிருக்கேன்."

"எனக்கு ஞாபகமே இல்லை."

"எனக்கு இருக்கு. கடைசி வாயை மட்டும் வாங்கமாட்டே. வீட்டைச் சுத்தி ஓட விடுவே. அந்த ஒரு வாய்க்காக ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா போயிடும். போகட்டும்னுதான் நானும் ஓடுவேன். திங்கட்கிழமை காலையில நீ எழுந்திருக்கறதுக்குள்ள நான் கிளம்பிடணும்ல."

மகள் முதுகிலிருந்து இடியை இறக்கிவிட்டு, நகர்ந்து வந்து பிள்ளைகளின் வரிசையில் உட்கார்ந்தாள். வாயைத் திறந்தாள்.

அம்மா அவள் வாயில் ஓர் உருண்டையை வைத்தாள்.

"அது என் சோறு," என்றாள் வக்கீல்.

"நான்தான் இவங்களுக்கு முதல் பொண்ணு," என்றாள் மகள், வாய் நிறையச் சோற்றோடு.

"நான் இங்க முதல்லயே வந்தேன். நீங்க இப்பத்தான் வந்தீங்க."

மகள் என்ன சொல்லிப் பார்த்தும் வழக்கில் ஜெயிக்க முடியவில்லை. அந்த விடுமுறை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அவள் சட்டையின் தோளில் மின்னல் துடைத்த வாழைப்பழம் காய்ந்திருந்தது. அதைக் கவனிக்காமலேயே பஸ் ஏறிவிட்டாள்.

முதலாளி இப்போது நடக்கிறான். பஸ் டிரைவரின் மகளை யாரும் மௌனசாமி என்று கூப்பிடுவதில்லை. வீட்டில் அவள் வாய் ஓயவில்லை, வண்டி ஓட்டுவதே ஓய்வாக இருக்கிறது என்கிறார் அவள் அப்பா. வக்கீல் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். முதல் நாளே டீச்சரிடம் தூக்க நேரத்தைப் பற்றி ஏதோ முறையிட்டாளாம். அவள் இடம் காலியான வாரத்திலேயே புதிதாக ஒருத்தி வந்து நின்றாள், சின்னப் பெண், மார்போடு சேர்த்துப் பிடித்த பச்சைக் குழந்தையோடு. மறுநாளிலிருந்து அவள் வேலைக்குப் போக வேண்டும். குழந்தையைக் கொடுக்கக் கையை நீட்டுவாள், பிறகு தன்னிடமே இழுத்துக்கொள்வாள்.

"என்னால முடியும்னு நினைச்சேங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "முடியலை."

"உள்ளே வா. அழறதுன்னா உட்கார்ந்து அழு, நின்னுக்கிட்டு அழுதா கால் வலிக்கும்," என்றாள் இவள், மூன்றடிக்கு மேல் கேட்காத குரலில். "டீ போடறேன். சக்கரை எவ்வளவு?"

அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தாள். இடி ஓடி வந்து, அவள் மடியில் இருப்பது என்ன என்று எட்டிப் பார்த்தான்.